பிளாஸ்டர் புழு: பூட்டு கையில் கிடைத்தும் பூட்டாத 26 நாட்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள என்ன செய்யணும் என்று வகுப்பில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு போடுடா." தப்பான பதில் இல்லை. ஆனால் அது பிளாப்பி காலத்துப் பதில். அது மட்டும் போதாது என்பது 2003 ஆகஸ்ட் மாதம் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே வாரத்தில் தெரிந்துபோனது. அந்த ஆகஸ்ட் மாதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளும், ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் கொஞ்சம் முன்கதை.

ஐ.பி.எம். பி.சி. வகைக் கணினிகளுக்கான முதல் வைரஸ் என்று சொல்லப்படுவது 'பிரெய்ன்'. 1986-ல் லாகூரில் பிறந்தது. எழுதியவர்கள் பாசித், அம்ஜத் என்ற ஃபரூக் ஆல்வி சகோதரர்கள். தாங்கள் எழுதி விற்ற மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுக்கிறார்கள் என்று கோபம். அதற்காகப் பிளாப்பியின் பூட் செக்டரில் உட்கார்ந்துகொள்ளும் ஒரு நிரலை எழுதினார்கள். அதற்குள் தங்கள் பெயர், கடை விலாசம், தொலைபேசி எண் எல்லாம் போட்டு வைத்தார்கள்! இன்றைக்கு யாராவது வைரஸுக்குள் சொந்த வீட்டு விலாசத்தை எழுதுவார்களா? அந்தக் காலம் அப்படி.

பிரெய்ன் ஊர் ஊராகப் போனதற்குக் காரணம் மனிதக் கை. ஒருவர் பிளாப்பியைக் கொடுக்கணும், இன்னொருவர் வாங்கிப் போடணும். யாரும் கொடுக்காவிட்டால் அது நகராது. அடுத்த பதினைந்து வருடம் வீட்டுக் கணினிகளைத் தாக்கிய பெரும்பாலான வைரஸ்களும் இதே ஜாதிதான். தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்தபோது, வன்தட்டில் உள்ளதை அழித்ததோடு நிற்காமல் சில மதர்போர்டுகளின் பயாஸையே காலி செய்தது. ஆனால் அதுவும் யாரோ ஒருவர் நோய் பிடித்த நிரல் ஒன்றை இயக்கியதால்தான் உள்ளே வந்தது.

2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' இன்னும் கெட்டிக்காரத்தனமானது. காதல் கடிதம் என்று சொல்லி ஒரு இணைப்பு வரும். கோப்பின் பெயரைப் பார்த்தால் சாதாரண எழுத்துக் கோப்பு மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு ஸ்கிரிப்ட். பெயரின் கடைசியில் இருந்து அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய மூன்று எழுத்தை விண்டோஸ் தானாகவே மறைத்துவிடும், ஏனென்றால் அதுதான் அதன் வழக்கமான அமைப்பு. இந்த 'வழக்கமான அமைப்பு' என்ற விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும். அதை எழுதிய ஒனெல் டி குஸ்மான் ஒரு கணினிக் கல்லூரி மாணவர். அப்போது பிலிப்பைன்ஸில் இதற்கென்று சட்டமே இல்லாததால் அவர்மேல் வழக்கு நிற்கவில்லை.

இதிலிருந்தெல்லாம் மக்கள் கற்றுக்கொண்ட பாடம் என்ன? கண்ட பிளாப்பியைப் போடாதே, தெரியாத மெயிலைத் திறக்காதே, ஆன்டிவைரஸ் வைத்துக்கொள். அதாவது ஒழுக்கமான பையனுக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை. மாட்டிக்கொண்டவனைப் பார்த்து "நீ என்னத்த திறந்த?" என்று கேட்பதும் அந்த நம்பிக்கையிலிருந்துதான் வந்தது.

மனிதக் கை இல்லாமலே பரவும் 'புழு' என்ற ஜாதியும் அப்போதே இருந்தது. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் விட்ட புழு, அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை முடக்கியதாகக் கணக்குப் போட்டார்கள். ஆனால் அவையெல்லாம் பல்கலைக்கழக, ஆராய்ச்சிக்கூட யூனிக்ஸ் இயந்திரங்கள். 2001-ல் வந்த கோட் ரெட், 2003 ஜனவரி 25-ல் வந்த ஸ்லாம்மர் இரண்டும் பெரும்பாலும் சர்வர்களைத்தான் அடித்தன. ஸ்லாம்மருக்கான திருத்தம் ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது என்பது தனி வேடிக்கை. வீட்டில் விண்டோஸ் எக்ஸ்.பி. வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதெல்லாம் வேறு ஏதோ ஊர்ச் சண்டை.

சரி, 2003 ஜூலைக்கு வருவோம்.

விண்டோஸில் ஆர்.பி.சி. என்று ஒரு சேவை உண்டு. ஒரு கணினியில் ஓடும் நிரல், இன்னொரு கணினியில் ஓடும் நிரலிடம் வேலை வாங்குவதற்கான ஏற்பாடு. ஒரு அலுவலகத்துக்குள் இது ரொம்பவே உபயோகம். ஆனால் மாடி அறையில் ஒற்றையாக நிற்கும் வீட்டுக் கணினியிடம், உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கும் ஒரு கணினி வந்து வேலை வாங்க என்ன அவசியம்? ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்தச் சேவை எக்ஸ்.பி.யில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். 135-ஆம் எண் போர்ட்டில் காதை வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருக்கும். மோடம் வழியாக இணையத்தில் நுழைந்த நிமிடமே அந்த வாசல் உலகத்துக்கே திறந்துவிடும்.

அந்த வாசலில் ஒரு ஓட்டை இருப்பதைப் போலந்து நாட்டைச் சேர்ந்த ஒரு ஆய்வுக் குழு கண்டுபிடித்து மைக்ரோசாஃப்டிடம் சொன்னது. குறிப்பிட்ட விதமாகத் தயாரித்த ஒரு செய்தியை அந்தப் போர்ட்டுக்கு அனுப்பினால் போதும், நினைவகத்தில் ஒதுக்கிய இடம் நிரம்பி வழியும். வழிந்த இடத்தில் அனுப்பியவனின் கட்டளை ஓடும். அதுவும் சாதாரண அதிகாரத்தில் இல்லை, கணினியின் உச்ச அதிகாரத்தில். 2003 ஜூலை 16 அன்று மைக்ரோசாஃப்ட் இதற்கான திருத்தத்தை, எம்.எஸ். 03-026 என்ற அறிவிப்போடு, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. இவ்வளவுக்கும் 2002 ஜனவரியில்தான் பில் கேட்ஸ் தன் ஊழியர்கள் எல்லோருக்கும், இனிமேல் புது வசதிகளைவிடப் பாதுகாப்புதான் முக்கியம் என்று நீளமாகக் கடிதம் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு சல்லடை போட்டுச் சலித்து வெளியிட்ட விண்டோஸ் சர்வர் 2003-லும் இதே ஓட்டை இருந்தது.

ஜூலை 16-லேயே கதை முடிந்திருக்க வேண்டும். பூட்டு வந்தாச்சு, மாட்ட வேண்டியதுதானே?

இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. திருத்தம் வெளியாகும் நாள் ஆபத்து முடியும் நாள் இல்லை. சில சமயம் அன்றைக்குத்தான் ஆபத்தே ஆரம்பிக்கிறது. காரணம் சுலபம். பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வரியை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எந்த வரி என்று தெரிந்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். போலந்துக்காரர்கள் ஓட்டை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, எப்படி நுழைவது என்பதை வெளியிடாமல் பொறுப்போடு நடந்துகொண்டார்கள். ஆனால் ஜூலை 25 அன்று சீனாவைச் சேர்ந்த எக்ஸ்ஃபோகஸ் என்ற குழு நுழையும் வழியையும் அதற்கான நிரலையும் இணையத்தில் போட்டுவிட்டது. அதன் பிறகு புழு வருமா என்பது கேள்வியே இல்லை, எப்போது வரும் என்பதுதான் கேள்வி. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைகூட ஜூலை முடிவதற்குள் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தது.

ஆகஸ்ட் 11 அன்று வந்தது. ஜூலை 16-லிருந்து எண்ணினால் 26 நாள்.

புழுவின் பெயர் பிளாஸ்டர். அது மெயிலில் வரவில்லை, பிளாப்பியில் வரவில்லை. கணினியை வைத்திருந்தவர் எதையும் திறக்க வேண்டாம், எதையும் சொடுக்க வேண்டாம். இணையத்தில் இணைந்திருந்தால் போதும். ஏற்கெனவே நோய் பிடித்த ஒரு கணினி, வரிசையாக ஒவ்வொரு ஐ.பி. எண்ணாகக் கதவைத் தட்டிக்கொண்டே வரும். 135-ல் பதில் வந்தால் உள்ளே நுழைந்து, தன்னுடைய நகலை அங்கேயும் இறக்கச் சொல்லும். பிறகு அந்தக் கணினியும் தட்ட ஆரம்பிக்கும். ஒழுக்கமான பையன், ஒழுக்கம் கெட்ட பையன் என்ற பேதமே இல்லை.

அந்த நாட்களில் எக்ஸ்.பி. வைத்திருந்தவர்களுக்கு ஒரு சின்னப் பெட்டி கட்டாயம் ஞாபகம் இருக்கும். கணினி நிறுத்தப்படுகிறது, வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, 60 விநாடியிலிருந்து கீழ்நோக்கி எண்ணும். பூஜ்யம் வந்ததும் கணினி தானாக மறுதொடக்கம் ஆகும். மறுபடி இணையத்தில் இணைந்தால் மறுபடி அதே பெட்டி. புழு வேண்டுமென்றே செய்த வேலை இல்லை இது. எதிரில் இருப்பது எக்ஸ்.பி.யா விண்டோஸ் 2000-ஆ என்று புழு குருட்டாம்போக்கில் ஊகித்துத்தான் தாக்கும். ஊகம் தப்பினால் ஆர்.பி.சி. சேவை செத்துப்போகும். அந்தச் சேவை செத்தால் எக்ஸ்.பி.யால் தொடர்ந்து ஓட முடியாது, அதனால் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். அதாவது அந்தப் பெட்டி புழுவின் கோளாறு. என்னைக் கேட்டால் அது நம் அதிர்ஷ்டமும்கூட. சத்தமில்லாமல் நுழையத் தெரிந்த புழுவாக இருந்திருந்தால் எத்தனை பேருக்கு விஷயமே தெரிந்திருக்கும்?

கணினி விட்டு விட்டு அணைந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவோம். அவர் வந்து பார்த்துவிட்டு, "ஃபார்மட் பண்ணி ஓ.எஸ். புதுசா போட்டுடலாம் சார்" என்பார். அது பிளாஸ்டருக்கு மருந்தே இல்லை! பழைய எக்ஸ்.பி. சிடியிலிருந்து புதிதாகப் போட்டால், அதே ஓட்டையும் புதிதாக வந்து உட்காரும். திருத்தத்தை இறக்க இணையத்துக்குப் போகணும். போனால், இறக்கி முடிப்பதற்குள் புழு வந்துவிடும். 2004-ல் சான்ஸ் நிறுவனத்தின் இணையப் புயல் மையம் கணக்குப் போட்டுப் பார்த்ததில், திருத்தம் எதுவும் போடாத ஒரு விண்டோஸ் கணினி இணையத்தில் சராசரியாக 20 நிமிடம்தான் தாக்குப்பிடித்தது. அதற்கு முந்தைய வருடம் அது 40 நிமிடமாக இருந்தது. மோடத்தில் தேவையான திருத்தங்களை எல்லாம் இறக்க 20 நிமிடம் போதுமா என்ன?

இத்தனைக்கும் எக்ஸ்.பி.யில் 2001-லிருந்தே ஒரு ஃபயர்வால் இருந்தது. அதை இயக்கியிருந்தால் பிளாஸ்டர் வெளியே நின்று தட்டிவிட்டுப் போயிருக்கும். ஆனால் வழக்கமான அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. (முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதுதான்.) எங்கோ நாலு மெனுவுக்கு உள்ளே போய் ஒரு கட்டத்தில் டிக் போட்டால்தான் வேலை செய்யும். பூட்டை வீட்டுக்காரர் கையில் கொடுக்காமல் பரணில் போட்டு வைத்துவிட்டு, "ஏன் பூட்டவில்லை?" என்று கேட்ட கதை.

புழுவை எழுதியவன் நிரலுக்குள்ளேயே பில் கேட்ஸுக்கு ஒரு வசவு எழுதி வைத்திருந்தான். பணம் பண்ணியது போதும், மென்பொருளைச் சரிசெய் என்கிற அர்த்தத்தில். ஆகஸ்ட் 16 அன்று எல்லாக் கணினிகளும் சேர்ந்து விண்டோஸ் அப்டேட் முகவரி ஒன்றைத் தாக்கணும் என்றும் எழுதியிருந்தான். அதாவது மருந்துக் கடையையே மூடப் பார்த்தான். ஆனால் அவன் எழுதிய முகவரி உண்மையான தளத்துக்குத் திருப்பிவிடும் ஒரு துணை முகவரி மட்டுமே. மைக்ரோசாஃப்ட் அந்த முகவரியையே கைவிட்டது, தாக்குதல் புஸ்வாணமானது. அவன் யார் என்பது வெளியே வரவே இல்லை. புழுவைக் கொஞ்சம் மாற்றி 'பி' வகையாக விட்ட ஜெஃப்ரி பார்சன் என்ற அமெரிக்க இளைஞர் மட்டும் மாட்டினார், 2005-ல் 18 மாதச் சிறை.

இன்னொரு கிளைக்கதையும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆகஸ்ட் 18 அன்று வெல்ச்சியா என்று ஒரு 'நல்ல' புழு வந்தது. அதே ஓட்டை வழியாக நுழைந்து, பிளாஸ்டரை அழித்து, மைக்ரோசாஃப்டின் திருத்தத்தைத் தானே இறக்கிப் போட்டுவிடும். யாரோ ஒரு புண்ணியவான் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அது அடுத்த கணினியைத் தேடி அனுப்பிய தேடல்களால் வலைப்பின்னல்கள் திணறின. ஏர் கனடாவின் பயணிகள் பதிவு வேலை பாதிக்கப்பட்டது, அமெரிக்கக் கடற்படையின் உள்வலை தடுமாறியது. கேட்காமல் வீட்டுக்குள் வந்து பாத்திரம் தேய்க்கிறவனும் திருடன் மாதிரியே கதவை உடைத்துத்தானே வருகிறான்!

80 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் பிளாஸ்டர் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்டே 2004-ல் சொன்னது. இத்தனை பேரும் சோம்பேறிகளா? நான் அப்படி நினைக்கவில்லை. அப்படி ஒரு ஓட்டை இருக்கிறது என்பதே வீடுகளுக்குத் தெரியாது. இந்தியாவில் அப்போது வீட்டு இணையம் என்றால் பெரும்பாலும் டயல்-அப். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் போன் பில் ஏறும், அம்மா வேறு போன் எடுத்தால் இணைப்பு துண்டாகும். இதில் யார் திருத்தம் இறக்குவார்கள்? இன்னொன்று, பல வீடுகளில் இருந்தது திருட்டு எக்ஸ்.பி. அப்டேட் போட்டால் மைக்ரோசாஃப்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் கணினியை விற்றவர்களே அதை அணைத்துக் கொடுத்தார்கள். 2005-ல் 'அசலா' என்று சோதிக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் கட்டாயமாக்கியபோது அந்தப் பயம் இன்னும் கூடியது. உண்மையில் அப்போதும் அவசரப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தானியங்கி அப்டேட் வழியாகத் திருட்டு நகலுக்கும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. அது எத்தனை பேருக்குத் தெரிந்தது?

மைக்ரோசாஃப்டும் இதிலிருந்து சிலதைக் கற்றுக்கொண்டது என்றுதான் சொல்லணும். 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தம் வெளியிடும் வழக்கம் வந்தது. 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தது. அதில் ஃபயர்வால் வழக்கமான அமைப்பிலேயே இயங்கும். தானியங்கி அப்டேட்டைப் போட்டுக்கொள் என்று திரும்பத் திரும்பக் கேட்கும். முழுப் பொதி 266 எம்.பி. 56 கே மோடத்தில் முழு வேகம் கிடைத்தால்கூட பத்து மணி நேரத்துக்கு மேல் :-) அதனால்தான் சிடியாகவும் கொடுத்தார்கள். பி.எஸ்.என்.எல். டேட்டா ஒன் அகலப்பாட்டை வந்ததே 2005-ல்தான். வீட்டுக் கணினியின் பாதுகாப்பு வரலாற்றில் எந்த ஆன்டிவைரஸையும்விடப் பெரிய நிகழ்ச்சி இந்த சர்வீஸ் பேக்தான் என்பது என் கருத்து. பயனரைத் திருத்தப் பார்க்காமல் அமைப்பைத் திருத்தினார்கள்.

ஆனாலும் அந்த இடைவெளி மட்டும் ஒழியவில்லை. ஜெர்மனிப் பள்ளி மாணவர் ஸ்வென் யாஷன் எழுதிய சாஸர் புழு 2004 ஏப்ரல் 30-ல் வந்தது, அதற்கான திருத்தம் ஏப்ரல் 13-லேயே வந்தாச்சு. கான்ஃபிக்கர் 2008 நவம்பர் 21, திருத்தம் அக்டோபர் 23. அது பிறகு பென் டிரைவ் வழியாகவும் பரவக் கற்றுக்கொண்டது. செருகியதும் தானாக எதையாவது இயக்கும் அந்த வசதியைப் பழைய விண்டோஸ்களில் நிறுத்தும் அப்டேட் 2011 பிப்ரவரியில்தான் எல்லோருக்கும் போனது. வான்னாக்ரை 2017 மே 12, திருத்தம் மார்ச் 14. 59 நாள் இருந்தும் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதில் பெரும்பகுதி விண்டோஸ் 7, அதாவது திருத்தம் கிடைத்த இயங்குதளம்.

அப்டேட் என்றாலே முகம் சுளிப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், எக்ஸ்.பி.யின் முக்கியமான கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துத் தூக்கியது, கணினிகள் படுத்துவிட்டன. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் அரையாண்டு அப்டேட் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டது, மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பப் பெற்றது. அதனால் முக்கியமான படம், பிராஜெக்ட் எல்லாவற்றுக்கும் வெளி வன்தட்டில் ஒரு நகல் இருக்கணும், வேலை முடிந்ததும் அந்த வன்தட்டைக் கழற்றியும் வைக்கணும். செருகியே வைத்திருந்தால் வான்னாக்ரை மாதிரி ஒன்று அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகல் இருக்கிறவனுக்கு அப்டேட்டும் பயமில்லை, புழுவும் அவ்வளவு பயமில்லை.

எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் நின்றது. விண்டோஸ் 10-க்கான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ல் நின்றன. இந்த முறை சிக்கல் வேறு மாதிரி. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ பழைய கணினிகளில் அது இல்லை. 2003-ல் பூட்டு இருந்தது, மாட்டத்தான் ஆள் இல்லை. இப்போது மாட்டத் தயாராக இருக்கிறவனுக்கே பூட்டு கிடைக்காத நிலைமை. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, ஆனால் அதில் நாமே போய்ப் பதிவு செய்துகொள்ளணும், தானாக வராது. மறுபடியும் நாலு மெனுவுக்கு உள்ளே!

உங்கள் வீட்டில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'வின்வெர்' என்பதை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். பத்தா பதினொன்றா என்று சொல்லிவிடும். பத்து என்று வந்து, பதினொன்று ஏறாத கணினியாகவும் இருந்தால், லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்க்கலாம். நாலு ஜி.பி. ராம் இருந்தால் ஓடும், வாரா வாரம் திருத்தமும் வரும், காசும் கிடையாது.